ஜன்னல் மாற்றும் செலவு: சதுர அடி விலை சொல்லாத கணக்கு

பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்குகிறவர்களை அதிகம் குழப்புவது ஜன்னல் செலவு. ஒரே வீட்டுக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டால் ஒருவர் 72,000 ரூபாய் என்பார். இன்னொருவர் ஒரு லட்சத்தை நெருங்குவார். மூன்றாமவர் ஒன்றரை லட்சம் ஆகும் என்பார். முதலாமவர் நியாயமானவர், மூன்றாமவர் கொள்ளைக்காரர் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் மூவருமே ஏமாற்றவில்லை. மூவரும் வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜன்னலுக்கு மட்டும் விலை சொன்னவரையும், ஜன்னல் மாற்றி முடித்த சுவருக்கு விலை சொன்னவரையும் ஒரே தராசில் நிறுத்துவதால் வரும் குழப்பம் இது.

கணக்கு புரிய ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் 1980களில் கட்டிய தரைத்தள வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மரச் சட்டம், வெளிப்பக்கம் திறக்கும் மரக் கதவுகள். ஜன்னல்கள் எட்டு:

1. நாலுக்கு நாலு அடியில் நான்கு: 64 சதுர அடி
2. ஹாலில் ஆறுக்கு நாலு அடியில் ஒன்று: 24 சதுர அடி
3. சமையலறையில் மூன்றுக்கு மூன்று அடியில் ஒன்று: 9 சதுர அடி
4. குளியலறைகளில் இரண்டுக்கு ஒன்றரை அடியில் இரண்டு வென்டிலேட்டர்: 6 சதுர அடி

மொத்தம் 103 சதுர அடி. இனி வரும் ரூபாய்க் கணக்குகளில் உள்ள விலைகள் வழியைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் அவை மாறும். வழி மாறாது.

சட்டம் வெளியே வருமா, வராதா?

யுபிவிசி எனும் கெட்டி பிளாஸ்டிக்கா அலுமினியமா என்ற கேள்வியோடுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. சுவருக்குள் பதிந்திருக்கும் மரச் சட்டத்தைக் கழற்றப் போகிறோமா? செலவைப் பாதியாக்குவதும் இரட்டிப்பாக்குவதும் இந்த ஒரு முடிவுதான்.

அந்தக் காலத்து ஜன்னலைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கிரில் என்று தனியாக எதுவும் இருக்காது. மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் துளை போட்டு, இரும்புக் கம்பிகளை மரத்துக்குள்ளேயே செருகியிருப்பார்கள். பக்கவாட்டில் ஹோல்ட்ஃபாஸ்ட் எனப்படும் இரும்புப் பட்டைகள் சட்டத்திலிருந்து கிளம்பிச் சுவருக்குள் போய்க் காங்கிரீட்டில் இறுகியிருக்கும். சட்டத்தின் விளிம்பு பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும். ஆகவே சட்டத்தைப் பெயர்த்தால் கம்பியும் போகும். சுற்றிலும் பூச்சும் போகும். ஹோல்ட்ஃபாஸ்ட் இருந்த இடத்தில் செங்கல்லும் கொஞ்சம் போகும். புது ஜன்னல் விற்பவரின் கொட்டேஷனில் இவை எதுவும் இருக்காது. அவர் விற்பது ஜன்னல்.

வழிகள் மூன்று:

1. சட்டத்தையும் கம்பியையும் விட்டுவிட்டுக் கதவுகளை மட்டும் புதிதாகச் செய்வது. கதவின் அடிக்கட்டை மட்டும் மழைத் தண்ணீரில் உளுத்திருக்கும் வீடுகளில் இது போதும். ஆசாரியின் வேலையோடு முடிந்துவிடும். கொத்தனார் தேவையில்லை.

2. சட்டத்தை அப்படியே விட்டு, சுவரின் மிச்சத் தடிமனில் புது ஜன்னலைப் பொருத்துவது. ஒன்பது அங்குலச் சுவரில் நாலு அங்குலச் சட்டம் போக ஐந்து அங்குலம் மிஞ்சும். ஸ்லைடிங் ஜன்னல் பலவற்றுக்கு இது போதும். பழைய கம்பியே காவலாக நிற்கும். திறப்பு கொஞ்சம் சுருங்கும், உள்ளே மரம் தெரியும்.

3. சட்டத்தைப் பெயர்த்து எல்லாவற்றையும் புதிதாக வைப்பது. கரையான் சட்டத்தையே தின்றிருந்தால் வேறு வழியில்லை. ஸ்க்ரூ டிரைவரால் சட்டத்தின் கீழ் மூலைகளைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல மரம் எதிர்க்கும், உளுத்த மரம் உள்வாங்கும்.

எட்டு ஜன்னலுக்கும் ஒரே வழி என்று கட்டாயமில்லை. சன்ஷேடு உள்ள பக்கத்து மரம் நன்றாக இருக்கும். மழை நேராக அடிக்கும் பக்கத்து மரம்தான் போயிருக்கும். ஆனால் ‘எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் சார்’ என்பதுதான் முதலில் வரும் யோசனை.

இனி வரும் கணக்கு மூன்றாவது வழிக்கானது.

சதுர அடி ஏன் சரியான அளவுகோல் அல்ல?

ஜன்னலுக்கு விலை சதுர அடியில் சொல்வது வழக்கம். ஆனால் ஜன்னலில் சதுர அடியைப் பின்பற்றும் பொருள் கண்ணாடியும் கொசுவலையும் மட்டுமே. பிரேம் சுற்றளவைப் பின்பற்றும். கீல், ரோலர், பூட்டு, கைப்பிடி எல்லாம் கதவுகளின் எண்ணிக்கையைப் பின்பற்றும். பொருத்துகிற கூலி ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பின்பற்றும்.

ஆறுக்கு நாலு ஜன்னலின் பரப்பு 24 சதுர அடி, சுற்றளவு 20 அடி. ஒரு சதுர அடிக்கு பத்து அங்குலம் பிரேம். இரண்டுக்கு ஒன்றரை வென்டிலேட்டரின் பரப்பு 3 சதுர அடி, சுற்றளவு 7 அடி. ஒரு சதுர அடிக்கு 28 அங்குலம் பிரேம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டையும் ஒரே சதுர அடி விலைக்குச் செய்தால் வென்டிலேட்டரில் நஷ்டம் வரும். அதனால்தான் பலர் ‘ஒரு ஜன்னலுக்குக் குறைந்தது 10 சதுர அடி’ என்று சிறு எழுத்தில் ஒரு வரி சேர்க்கிறார்கள். அது அநியாயம் அல்ல. ஆனால் படிக்காமல் விட்டால் கணக்கு இடிக்கும்.

சதுர அடி 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நம் வீட்டின் 103 சதுர அடிக்கு 72,100 ரூபாய். குறைந்தபட்ச விதியைப் போட்டால் சமையலறையின் 9 சதுர அடி 10 ஆகிறது. வென்டிலேட்டர்கள் மூன்று மூன்று சதுர அடியிலிருந்து பத்துப் பத்து ஆகின்றன. மொத்தம் 118 சதுர அடி, 82,600 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 14,868 ரூபாய். ஆக 97,468. அதே ஜன்னல், அதே விலை, அதே கடை. முதல் தொகைக்கும் இதற்கும் இடையில் 25,000 ரூபாய்.

அளவை மேலேற்றி முழுமையாக்கும் முறையையும் கேட்க வேண்டும். 1,250 மில்லிமீட்டர் சதுர ஜன்னல் உண்மையில் 16.82 சதுர அடி. ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்த அரை அடிக்கு ஏற்றி நாலரைக்கு நாலரை என்று போட்டால் 20.25 சதுர அடி. விலையைத் தொடாமலேயே 20 விழுக்காடு ஏற்றிவிட்டார்கள்.

பொருளின் பெயர் ஒன்று, தரம் பல

யுபிவிசி என்பது நெகிழ்வூட்டி சேர்க்காத பிவிசி. தண்ணீர்க் குழாய்க்கும் இதற்கும் குடும்பம் ஒன்று. வெயிலைத் தாங்க ஜன்னல் வகையில் டைட்டானியம் டையாக்சைடு சேர்க்கிறார்கள். தனியாக நின்றால் இது வளையும். அதனால் உள்ளறையில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைச் செருகுவார்கள். விலையைக் குறைக்க முதலில் கை வைக்கும் இடம் இந்த இரும்புதான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு காந்தத்தைப் பிரேமின் மேல் வைத்து நகர்த்தினால் தெரியும். இழுக்கும் இடத்தில் இரும்பு இருக்கிறது, இழுக்காத இடத்தில் இல்லை. பிரேமில் மட்டும் போட்டுவிட்டுக் கதவில் போடாமல் விடுவதும் உண்டு.

அலுமினியத்தில் கேட்க வேண்டியது, பிரேம் செய்யும் குழலான செக்‌ஷனின் தடிமன். 1.2 மில்லிமீட்டர் செக்‌ஷனும் 2 மில்லிமீட்டர் செக்‌ஷனும் பவுடர் கோட்டிங் போட்ட பிறகு கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். எடையில் வித்தியாசம் பெரிது, விலையும் எடையில்தான் இருக்கிறது. உலகச் சந்தையோடு அலுமினியம் ஏறி இறங்குவதால் கொட்டேஷனுக்குப் பதினைந்து நாள், முப்பது நாள் என்று கெடு போடுவார்கள்.

தடிமனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? காற்றுதான். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் அது 39 மீட்டர். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். சரிசெய்யும் காரணிகளை விட்டுவிட்டுத் தோராயமாகப் பார்த்தால், நாலுக்கு நாலு ஜன்னலின் மேல் 50 மீட்டர் காற்று சுமார் 225 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 39 மீட்டர் காற்று சுமார் 140 கிலோ. கோவையில் நண்பர் வீட்டில் பார்த்த செக்‌ஷனை அப்படியே சென்னைக் கடற்கரைப் பக்கம் கொண்டுவருவது சிக்கனம் ஆகாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்ததைச் சென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

மரத்தைப் பற்றி ஒரு வரி: புதுத் தேக்கில் ஜன்னல் செய்வதானால் கன அடிக் கணக்கு வேறு, ஆசாரி கூலி வேறு, பாலிஷ் வேறு. யுபிவிசி, அலுமினியம், மரம் மூன்றில் மலிவான வழி அது இல்லை.

ஸ்லைடிங் மலிவா?

சதுர அடி விலையில் ஸ்லைடிங் குறைவு, கதவு போலத் திறக்கும் கேஸ்மென்ட் அதிகம். ஆனால் இரண்டு கதவு ஸ்லைடிங்கை முழுதாகத் திறந்தாலும் பாதிதான் திறக்கும். 16 சதுர அடி ஜன்னலில் காற்று வருவது 8 சதுர அடிக்கு. மூன்று தடம் போட்டு மூன்றாவதில் கொசுவலை வைத்தாலும் இதே கதைதான்.

ஸ்லைடிங் 700, கேஸ்மென்ட் 900 என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கு நாலு ஸ்லைடிங் 11,200 ரூபாய். திறக்கிற ஒவ்வொரு சதுர அடிக்கும் 1,400. அதே அளவு கேஸ்மென்ட் 14,400 ரூபாய். பிரேமின் அகலத்தைக் கழிக்காமல் பார்த்தால் திறக்கிற சதுர அடிக்கு 900. ஏசி அறைக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. மின்விசிறியை நம்பி இருக்கும் படுக்கையறைக்குத் தேவை. முன்பு மூன்று கதவையும் திறந்து வைத்துக் காற்று வாங்கிய அறையில் ஸ்லைடிங் போட்டபின் புழுங்குகிறது என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

கேஸ்மென்ட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் திறக்கும், கிரில் நடுவில் வரும், கொசுவலைக் கதவு உள்பக்கம் திறக்க வேண்டும். இரண்டு கதவு வரிசை என்பதால் கீலும் கைப்பிடியும் இரட்டிப்பு. கேட்ட விலையில் வலை அடக்கமா என்பதைக் கேட்டே தீர வேண்டும்.

கண்ணாடி

கண்ணாடியின் எடை, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 5 மில்லிமீட்டர் என்றால் 12.5 கிலோ. ரோலரும் கீலும் இந்த எடைக்குத்தான் விலை போகின்றன.

சூடாக்கிப் பதப்படுத்திய டஃபன்டு கண்ணாடி உடைந்தால் கத்தி போலச் சிதறாமல் கற்கண்டு போல உதிரும். கைக்கெட்டும் உயரத்திலும் குளியலறையிலும் அதற்கே பணம் கொடுக்கலாம். அதைப் பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது. அளவு தவறினால் அந்தக் கண்ணாடி குப்பைக்குத்தான். சாலை இரைச்சல்தான் தொல்லை என்றால் நடுவில் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி உதவும். இரட்டைக் கண்ணாடியை, பகலெல்லாம் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும் வீட்டுக்கு வாங்குவது வீண். மேற்கு வெயிலுக்கு எந்தக் கண்ணாடியையும் விட வெளியே ஒரு சன்ஷேடோ மூங்கில் திரையோ நன்றாக வேலை செய்யும். வெப்பம் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடுகிறது.

சுவரின் கணக்கு

97,468 ரூபாயில் நின்றோம். இனி ஜன்னல்காரர் சொல்லாதவை.

1. கிரில். நாலுக்கு நாலு ஜன்னலுக்கு 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி பதினொன்று நிறுத்தினால் 44 அடி, மீட்டருக்கு 1.13 கிலோ வீதம் 15 கிலோ. சுற்றுப் பட்டையும் குறுக்குப் பட்டையும் சேர்த்தால் 22 கிலோ, அதாவது சதுர அடிக்கு சுமார் 1.4 கிலோ. வென்டிலேட்டர்களை விட்டுவிட்டால் 97 சதுர அடிக்கு 136 கிலோ. செய்து பொருத்தக் கிலோ 120 என்றால் 16,320 ரூபாய். கிரில்லைச் சதுர அடிக்கு விலை பேசாமல் எடைக்குப் பேசுவது நல்லது. கம்பி மெலிந்தால் உடனே தெரிந்துவிடும்.

2. பெயர்த்து, ஒட்டிப் பூசுவது. கொத்தனாரும் சித்தாளும் சேர்ந்து நாளைக்கு இரண்டு ஜன்னல் முடித்தால் நான்கு நாள். இருவருக்கும் சேர்த்து நாள் கூலி 1,900 என்றால் 7,600. சிமெண்ட், எம்-சாண்ட், இடிபாடு அள்ளுவது எல்லாம் சேர்த்து 3,000.

3. கீழ்ப்படிக் கல். கடப்பாவோ கிரானைட்டோ, ஜன்னல்களின் அகலம் மொத்தம் 29 அடி. அடிக்கு 150 என்றால் 4,350. இதை மிச்சம் பிடிப்பவர்கள் முதல் மழையில் சுவரோரம் ஈரம் பார்க்கிறார்கள்.

4. பெயிண்ட். எல்லோரும் மறப்பது இதுதான். ஜன்னலைச் சுற்றி அரை அடிக்குப் புதுப் பூச்சு வந்தால், அந்த அரை அடிக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க முடியாது. ஐந்து வருடம் வெயில் பார்த்த சுவரில் ஒட்டுப்போட்ட சட்டை போலத் தெரியும். சுவர் முழுவதும் அடித்தாக வேண்டும். ஆறு சுவர், உள்ளும் வெளியும், ஒவ்வொன்றும் 100 சதுர அடி என்றால் 1,200 சதுர அடி. சுவரைச் சமமாக்கும் பட்டியோடு சதுர அடிக்கு 15 ரூபாய் வீதம் 18,000.

கூட்டினால் 1,46,738 ரூபாய். முதலில் கேட்ட 72,100க்கு இரண்டு மடங்கு. உடைத்த பிறகுதான் தெரியும் விஷயங்களுக்கு, ஜன்னலுக்கு மேலுள்ள காங்கிரீட் உத்திரமான லிண்டலில் துருப்பிடித்த கம்பி போன்றவற்றுக்கு, பத்து விழுக்காடு ஒதுக்கினால் 1.6 லட்சத்தைத் தாண்டும். வீடு முழுக்க எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் நான்காவது தொகை இந்தக் கணக்கில் வராது. ஜன்னல் வேலையைப் பெயிண்ட்டுக்கு முந்தைய மாதத்தில் வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். மாடி ஜன்னல் என்றால் சாரம் கட்டும் செலவும் சேரும்.

அளவெடுப்பு இரண்டு முறை

கொட்டேஷனுக்கு எடுக்கும் அளவு வேறு, பட்டறைக்குப் போகும் அளவு வேறு. பழைய திறப்பு நேர்ச் சதுரமாக இருக்கவே இருக்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரத்தையும் அவ்வாறே மூன்று இடத்திலும் எடுத்து, இருப்பதில் சிறியதை வைத்துக்கொண்டு, சுற்றிலும் பொருத்துவதற்குச் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவது முறை. மூலைக்கு மூலை குறுக்கு அளவுகள் இரண்டும் ஒத்துவராவிட்டால் திறப்பு கோணலாக இருக்கிறது. அந்தக் கோணலைக் கொத்தனார் சரிசெய்ய வேண்டும், சிலிகான் சரிசெய்யாது. விரலளவு இடைவெளியைச் சிலிகானால் அடைத்துவிட்டுப் போன ஜன்னல்கள்தான் ஐப்பசியில் ஒழுகும்.

சட்டம் பூச்சுக்குள் மறைந்திருப்பதால் கடைசி அளவைச் சட்டத்தைப் பெயர்த்த பிறகுதான் துல்லியமாக எடுக்க முடியும். அதற்கும் ஜன்னல் வந்து சேர்வதற்கும் இடையில் வாரங்கள் ஆகலாம். அதுவரை திறப்பைத் தகரமோ பிளைவுட்டோ வைத்து அடைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதைத் தொடங்காதீர்கள் என்று மேஸ்திரிகள் சொல்வதன் காரணம் இது.

கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டியவை

செக்‌ஷன் தடிமன், உள்ளே இரும்பு உண்டா, கண்ணாடியின் வகையும் தடிமனும், கொசுவலை, கீல்-ரோலரின் பொருள் (கடற்கரைப் பக்கம் 304 ரக எவர்சில்வரை விட 316 தாங்கும்), அளவை முழுமையாக்கும் விதி, ஜிஎஸ்டி, பொருத்தும் கூலி. மூவரிடமும் இதே பட்டியலை நிரப்பச் சொன்னால்தான் மூன்று தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘பில் வேண்டாம் என்றால் வரி இல்லை’ என்பவரிடம், பில் இல்லாமல் உத்தரவாதத்தை எதைக் காட்டிக் கேட்பது என்று கேளுங்கள். கடைசித் தவணையில் கொஞ்சத்தை நிறுத்திவைத்து, தோட்டத்துக் குழாயை வெளியிலிருந்து பத்து நிமிடம் ஜன்னலின் மேல் பீய்ச்சிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்ல வழக்கம். ஸ்லைடிங்கின் கீழ்த்தடத்தில் தேங்கும் தண்ணீர், வெளிப்பக்கச் சிறு துளைகள் வழியே வடிய வேண்டும். சிமெண்ட் பூசும்போது அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது.

‘பழையதை அகற்றுவது இலவசம்’

இந்த வரியைக் கண்டால் சற்று நில்லுங்கள். நாலுக்கு நாலு ஜன்னலின் சட்டத்தில் குறுக்கே இரண்டு, நெடுக்கே நான்கு மரங்கள், எல்லாம் நாலடி. மொத்தம் 24 அடி. நாலுக்கு மூன்று அங்குலக் கட்டை என்றால் சரியாக 2 கன அடி. அப்படி நான்கு ஜன்னலில் 8 கன அடி. ஹால் ஜன்னலும் சமையலறை ஜன்னலும் சேர்ந்தால் 12 கன அடியை நெருங்கும், கதவுகள் தனி. அது வேம்போ கோங்கோ என்றால் பெரிய தொகை இல்லை. தேக்கு என்றால் புது மரத்தின் விலை கன அடிக்கு ஆயிரக்கணக்கில். பழையதற்கு அந்த விலை கிடைக்காது. துளை, ஆணி, உளுத்த நுனி எல்லாவற்றுக்கும் கழிப்பார்கள். ஆனால் நாற்பது வருடம் காய்ந்து நின்ற வைரம் பாய்ந்த தேக்குக்குப் பழைய மரக் கடைகளில் வாங்க ஆள் இருக்கிறது. பெயிண்ட்டுக்கு அடியில் என்ன மரம் என்று தெரியாவிட்டால், சட்டத்தின் மறைவான இடத்தில் ஆசாரியை விட்டு உளியால் ஒரு சீவல் எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு அதைச் செய்ய வேண்டும். பழைய ஜன்னல்கள் லாரியில் ஏறிய பிறகு அல்ல.